அக்கரைமலையைத் தெரிவு செய்தவர்

இணையப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதன் வலது ஓரத்தில் கீழே பார்க்கும் ஒரு சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினால் ஊர்ப் பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கும். ஒன்றைத் தொட்டதும் மற்றதெல்லாம் சுருண்டு உள்ளே போய்விடும். பல்வைத்தியரிடம் நேரம் எடுக்கிறவர், பிள்ளையை டியூஷனில் சேர்க்கிறவர், வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்குக் கேக் அனுப்புகிறவர் என்று எல்லோரும் அந்த அம்புக்குறியை ஒரு தடவையாவது அழுத்தியிருப்பார்கள். அழுத்தும்போது அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கிற வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்டியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, இப்படிப்பட்ட பட்டியல்களைத் தட்டித் தட்டியே தலைமயிரைத் தொலைத்தவன் நான். வயிறு மட்டும் தொலையவில்லை. அது வருஷத்துக்கு வருஷம் மேசையை நெருங்கி வருகிறது. இன்று காலை அப்படி ஒரு பெட்டியைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினேன். முதல் ஊராக அக்கரைமலை வந்து நின்றது.

அந்தப் பெயரை அங்கே எழுதியவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை, ஒஃபிஸில் பக்கத்து மேசைக்காரர். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கண்டி டவுனில் கம்பியூட்டர் படித்து, கல்யாணம் கட்டி, டவுனிலேயே தங்கிவிட்டவர். எனக்கு வேலை பழக்க வேண்டிய நிலைமை அவருக்கு வந்தது. அதை ஒரு தண்டனையாகவே அவர் எடுத்துக்கொண்டார். நான் பேச்சுக்குப் பேச்சு ஜோக் அடிக்கிற ஆள். அடித்துவிட்டு நானே முதலில் சிரிப்பேன். "ஒன் ஜோக்குக்கு நீயே சிரிச்சிடுறதால எங்களுக்கு அந்த வேலை மிச்சம்டா" என்பார். பகல் சாப்பாட்டுக்குத் தன் ரொட்டியை ஒளித்து வைத்துவிட்டு என் சோற்றுப் பெட்டியைத் திறப்பார். என் மனைவியின் கத்தரிக்காய்க் கறிக்கு அவர் கொடுத்த மரியாதையை நான்கூடக் கொடுத்ததில்லை.

எங்கள் வேலை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. டெம்ப்ளேட் என்பது இடியப்ப உரல் மாதிரி ஓர் அச்சு. ஒரு கடைக்கு வெப்சைட் செய்யும்போது அச்சை ஒரு தடவை செய்துவிடுவோம். விலை, படம், விளம்பரம் எல்லாம் வேறோர் இடத்திலிருந்து வந்து அந்த அச்சில் விழும். எது வெளியிலிருந்து வர வேண்டும், எதை அச்சுக்குள்ளேயே கையால் எழுதி வைக்கலாம் என்பதுதான் தினமும் எழும் கேள்வி. எங்கள் ஒஃபிஸை நடத்துகிற சேருக்கு அதில் ஒரே ஒரு கொள்கை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் எத்தனையோ வருஷம் இருந்தும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறாதவர். மாறுகிற சாமானை வெளியிலிருந்து கொண்டு வா, மாறாத சாமானை டெம்ப்ளேட்டுக்குள் எழுதிவிடு என்பார். கிழமை நாட்களும் மாதங்களும் ஆண் பெண் என்பதும் எல்லாம் அப்படித்தான் உள்ளே போயின.

அக்குறணை முதலாளி ஒருவர் கண்டி டவுனில் கேக்கும் பூச்செண்டும் பரிசுப் பொருளும் விற்கிற கடை வைத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வெப்சைட்டில் ஓடர் போடுவார்கள், கடை வேன் ஊர் ஊராகப் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வரும். அந்த வெப்சைட்டுக்காக எந்தெந்த ஊருக்கு வேன் போகும் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெயர்களை வெளியிலிருந்து கொண்டுவருவோமா என்று அக்கா கேட்டதற்குச் சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னார்: "ஊர் எங்க எழும்பிப் போகப்போகுது? உதை டெம்ப்ளேட்டுக்கையே எழுதிவிடும்."

அக்காவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. நான் அதற்கும் ஏதோ ஒரு ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்பது நினைவில்லை. யாரும் சிரிக்காதது மட்டும் நினைவிருக்கிறது, நான் உட்பட. கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி தட்டத் தொடங்கினார். அகர வரிசைப்படி அக்குறணைதான் முதலில் வர வேண்டும். அதற்கு மேலே ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. இது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார்.

மிச்சத்தைப் பகல் சாப்பாட்டின்போது என் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். அக்கரைமலை ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. ஒரு கோயில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான சில லயங்கள், வளைந்து ஏறும் ஒரு ரோட்டு, அவ்வளவுதான். விடாமல் மழை பெய்த ஒரு காலையில் மேலிருந்த மலை இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அக்கா அப்போது டவுனில் இருந்தார். அவருடைய அம்மாவை இரண்டாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். தம்பியை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதைவிட, எடுப்பதற்கு அங்கே அவன் இருந்தானா என்பதே யாருக்கும் தெரியவில்லை. மழைக்குச் சில வாரங்களுக்கு முன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஏஜென்சியில் சொல்லி வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று கொழும்புக்குப் போனவன் அவன். அவன் போன் அன்றிலிருந்தே வேலை செய்யவில்லை. மலை இறங்குவதற்கு முதல் நாள் ஹேவாஹெட்ட பஸ்ஸிலிருந்து ஒரு பேக்கோடு அவன் இறங்கியதைக் கண்டதாகக் கண்டக்டர் சொன்னார். அது வேறு பையன் என்று கடைக்காரர் சொன்னார். ஏஜென்சியைத் தேடிப் போனால் அந்த இடத்தில் சலூன் இருந்தது.

"மண்ணுக்குள்ள இருக்கானா டுபாய்ல இருக்கானான்னு தெரியாமத்தான் நான் ஒன் சோத்தத் தின்னுக்கிட்டு இருக்கேன்" என்றார் அக்கா.

செய்தியில் மலை இறங்கியதை அவன் கேட்டிருக்க மாட்டானா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அக்கா அந்தக் கேள்வியை ஏற்கெனவே பல தடவை தனக்குள் கேட்டு முடித்திருந்தார் போல. கேட்டிருந்தால் வந்திருப்பான் என்றார். வரவில்லை, அப்படியென்றால் கேட்கவில்லை. கேட்கவில்லையென்றால் அவனைப் பொறுத்தவரை வீடு இன்னும் அங்கேயே இருக்கிறது, அம்மா இன்னும் அங்கே கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். என்றைக்காவது கையில் நாலு காசு சேர்ந்து, மனம் இளகி, அம்மாவுக்கு ஒரு கேக் அனுப்புவோம் என்று தோன்றினால் அவன் கண்டியில் இருக்கிற ஒரு கடையைத்தான் தேடுவான். ஊர் எது என்று கடை கேட்கும். "பட்டியல்ல பேரு இல்லன்னா பக்கத்த மூடிட்டுப் போயிருவான்டா. சின்னதுல இருந்தே அவனுக்குப் பொறுமை கெடையாது."

மிச்சமிருந்த கத்தரிக்காய்க் கறியை நான் அவர் பக்கம் தள்ளினேன்.

அடுத்து நடந்த கூத்துக்குக் காரணம் எங்கள் ஒஃபிஸின் இன்னொரு வழக்கம். இப்படிப்பட்ட பெட்டியில் முதல் வரியை வெறுமையாக விட்டு, 'ஊரைத் தெரிவு செய்க' என்று எழுதுவதுதான் உலக வழக்கம். சேருக்கு அது பிடிக்காது. வெறும் வரி இருந்தால் கடை பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்குமாம், பெட்டியில் எப்போதும் ஒரு பெயர் தெரிய வேண்டுமாம். ஆகவே பக்கம் திறக்கும்போதே பெட்டியில் முதல் பெயர் உட்கார்ந்திருக்கும். அவசரக்காரர்கள் ஊரைத் தெரிவு செய்ய மறந்து ஓடரை அனுப்பிவிட்டால், அவர்கள் எல்லோரும் அந்த முதல் ஊர்க்காரர்களாகி விடுவார்கள். அக்காவின் வரி இல்லாவிட்டால் அந்த மறதிக்காரர்களை எல்லாம் அக்குறணை தாங்கியிருக்கும். இப்போது அவர்கள் மொத்தமாக அக்கரைமலைக்குக் குடிபோனார்கள்.

கடைக்கு வரும் ஓடர்கள் எங்கள் திரையிலும் விழும்; அந்த ஊருக்கு முதல் ஓடர் வந்த நாளில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மறுபடி அப்படி ஒரு முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஊர்: அக்கரைமலை. ஒரு சொக்கலேட் கேக். அக்கா போனை எடுத்து நம்பரை அழுத்தினார். மறுமுனையில் கலகெதரப் பக்கத்து ஒரு அம்மா. மகளின் பிறந்தநாளுக்குப் போட்ட ஓடர், ஊரை மாற்ற மறந்துவிட்டாராம். அக்கா சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றுக்கும் அவரே போன் எடுத்தார். தெரிந்துதான் அந்த ஊரைப் போட்டீர்களா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே குரலில் கேட்பார். இல்லை, தவறுதலாக என்பார்கள். பரவாயில்லை என்பார். நாளடைவில் மலை மூடிய அந்த ஊருக்கு டெண்டிஸ்ட், வாத்தியார், கட்டுகஸ்தோட்டை லொறிக்காரர் என்று நிறைய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். லயத்தில் இருந்ததைவிட இப்போது சனம் கூட என்று அக்காவே ஒரு நாள் சொன்னார். நான் சிரிப்பதா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

கேக் கடை முதலாளி சேருக்குப் போன் எடுத்தார். அக்கா போன் எடுக்குமுன் கைமாறிவிட்ட ஓர் ஓடருக்காக, இல்லாத ஊரைத் தேடி வேன் டிரைவர் ஒரு நாள் பூராவும் சுற்றியிருக்கிறார். தன் ஊருக்கு மேலே யார் ஏறிக் குந்தியிருப்பது என்றும் முதலாளி கேட்டாராம். சேர் அக்காவின் மேசைக்கு வந்து, அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அக்கா எழும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்கதானே சேர் சொன்னீங்க, மாறாதத டெம்ப்ளேட்டுக்குள்ள எழுதச் சொல்லி. மத்த ஊரெல்லாம் மாறும் சேர். இது இனி மாறாது."

சேர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவருடைய ஊர் எது, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்காமலே கொஞ்சம் விளங்கியது. "ஓம், இருக்கட்டும்" என்றார். "மேல ஒரு வெறும் வரி மட்டும் போட்டுவிடும்." கடை பூட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை என்று அவர் ஒத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

வெறும் வரியைப் போட்டது நான். தெரிவு செய்யாமல் யாரும் மேலே போக முடியாதபடி பூட்டியும் வைத்தேன். மறுநாளிலிருந்து அக்கரைமலையில் ஒரு குருவி இல்லை. மலை ஒரு தடவை காலி செய்த ஊரை நான் ஒற்றை வரியால் இன்னொரு தடவை காலி செய்துவிட்டேன் போலிருந்தது. இனிமேல் அந்தப் பெயரை யாராவது தொட்டால் தெரிந்து, வேண்டுமென்றே தொட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு அது நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறுதலான ஓடர் வந்த நாட்களில் அவருக்குப் பேசுவதற்காவது யாரோ இருந்தார்கள். இப்போது காலையில் வந்து, பையைக்கூட வைக்காமல், நின்றபடியே ஓடர்களைப் பார்ப்பார். பிறகு நாற்காலியை இழுப்பார். எனக்கு அந்த நாற்காலிச் சத்தமே போதும், இன்றும் இல்லை என்று தெரிந்துவிடும்.

பெயர் மட்டும் பரவிக்கொண்டே போனது. ஒரு டெம்ப்ளேட்டைப் பார்த்து அடுத்ததைச் செய்வதுதானே எங்கள் தொழில். பல்வைத்தியரின் பக்கத்துக்கும் டியூஷன் வகுப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பட்டியல் அப்படியே நகலாகிப் போனது. கண்டியைச் சுற்றி எத்தனை பெட்டிகளுக்குள் அந்த ஊர் சுருண்டு கிடந்தது என்று எங்களுக்கே தெரியாது. ரோட்டில் யாராவது போனைத் தடவிக்கொண்டு போனால், அந்த விரல் இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ என்று என் மனதில் ஓடும். வீட்டில் மனைவி, என்ன பேயறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். என் முகமே அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

சில வருஷங்கள் போயின. ஒரு நாள் அக்கா லீவு. மகளின் ஸ்கூலில் மீட்டிங் என்று சொல்லியிருந்தார். காலையில் கேக் கடை முதலாளி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அக்கரைமலைக்கி ஓடர் ஒன்டு வந்தீக்கி. மறந்து போட்டதில்ல, தெரிவு செஞ்சிதான் போட்டீக்கி. நீங்க வெச்ச ஊரு, நீங்கதான் வழி காட்டோணும்."

நான் ஓடரைத் திறந்தேன். வெள்ளை அந்தூரியம், ஒரு செண்டு. இன்று பின்னேரம் கொடுக்க வேண்டும். பெறுகிறவரின் பெயர் என்ற இடத்தில் அக்காவின் தம்பியுடைய பெயர் இருந்தது. அனுப்புகிறவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. குறிப்பு எழுதுகிற பெட்டியில் ஒரே ஒரு வரி: ரோட்டு முடியும் இடத்தில் ஆள் நிற்கும்.

என் நெஞ்சு அடித்ததைக் கீழே புடைவைக் கடையில் இருந்தவர்களும் கேட்டிருக்கலாம். அவனை அறிந்த யாரோ, அவன் அங்கேதான் இருக்கிறான் என்று நினைத்துப் பூ அனுப்புகிறார். அப்படியென்றால் மலை இறங்கியதற்குப் பிறகும் அவனை யாரோ எங்கோ கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனே விளையாடுகிறானா? ரோட்டு முடியும் இடத்தில் நிற்கப் போவது அவன்தானா? கொடுத்திருந்த நம்பர் எனக்குத் தெரியாத நம்பர், அழைத்தால் மணி மட்டும் அடித்து ஓய்ந்தது. அக்காவுக்கு எடுத்தேன், போனை நிறுத்தி வைத்திருந்தார். ஸ்கூல் மீட்டிங்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி தானே வேனை ஓட்டி வந்தார். டிரைவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வந்துவிடுகிறதாம். இல்லாத ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமா, ஓடரைத் திருப்பிவிடலாமே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பார்த்தேன். "லிஸ்ட்டுல போட்டா குடுக்கோணும் தம்பி. கடைன்டா அதுதான்" என்றார். ஹேவாஹெட்ட ரோட்டில் மேலே ஏற ஏற மூட்டம் இறங்கியது. என் மடியில் அந்தூரியம். பூவையும் வயிற்றையும் ஒரே மடியில் வைத்துக்கொள்வது சுலபமில்லை. வளைவுக்கு வளைவு பூ முகத்தில் இடித்தது. அக்காவுக்கு என்ன சொல்லலாம், எந்தச் சொல்லில் தொடங்கலாம் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

தார் முடிந்தது. அதற்கு அப்பால் மானாப்புல் ஆளுயரத்துக்கு நின்றது. புல்லுக்கு முன்னால், குடை பிடித்தபடி, மூட்டத்துக்குள் ஓர் உருவம். முதலாளி வேனை நிறுத்தி ஏதோ ஓதினார். நான் இறங்கினேன். ஆம்பிளை நிற்கிற மாதிரி இருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தபோது குடை உயர்ந்தது. அக்கா.

அவருக்கும் எப்படியோ செய்தி போய், என்னைப் போலவே ஓடி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மூச்சு வாங்க, "அக்கா, யாரோ போட்டிருக்காங்க, பாத்தீங்களா?" என்றேன்.

"நான்தாண்டா போட்டேன்."

முதலாளி பூவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்துவிட்டு, வேனுக்குத் திரும்பிப் போய்விட்டார். பெறுகிறவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அக்கா புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். முந்தின நாள் வீட்டில் இருந்தபடி, புருஷனின் பழைய போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாராம். அவன் அனுப்பினால் எப்படி அனுப்புவான் என்று வெறுமனே செய்து பார்க்கத்தான் தொடங்கினாராம். ஊர்கள் இறங்கின. விரல் அந்தப் பெயரில் போய் நின்றது. இத்தனை வருஷத்தில் தெரிந்து அதைத் தொட்ட முதல் விரல் தன்னுடையதுதான் என்று அப்போதுதான் விளங்கியதாம்.

"அனுப்புறவன் அவன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா. வாங்கிக்கிறவன் அவனா இருப்பான்னு நெனைக்கல."

பூவைப் புல்லடியில் வைத்தார். வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வேனுக்கு நடக்கும்போது, ஏதோ கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற குரலில், "நாளைக்கு அந்த ஊரு வரிய எடுத்துரு" என்றார். சரிக்கா என்றேன்.

அக்கா இப்போது வத்தளையில் மகளோடு இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி போன் எடுப்பார். என் வயிறு, என் மனைவியின் கத்தரிக்காய்க் கறி, சேரின் சீனி வியாதி என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். அந்த வரியைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. எடுக்கவில்லை என்று நானும் சொன்னதில்லை.

இந்த மாதம் எங்கள் பழைய பக்கங்களை எல்லாம் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பெயர்கள் இப்போது வெளியிலிருந்து தாமாகவே வந்து விழுகின்றன. அரசாங்கத்தின் பட்டியல், ஒழுங்கான பட்டியல். அதில் அக்கரைமலை இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனால் வந்து விழுகிற பட்டியலுக்கு மேலே, வேண்டுமானால், கையால் ஒரு வரி எழுதி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். எழுதினேன். அக்கா மனதை முடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவிட்டார். அவர் இறக்கி வைத்ததை வரும் வழியில் நான் எப்படியோ தூக்கிக்கொண்டேன் போலிருக்கிறது. கண்டக்டர் கண்டது வேறு பையனாகவும் இருக்கலாமே என்று எந்தக் காரணமும் இல்லாமல் மனம் ஓடுகிறது.

இன்று காலையும் பையை வைக்காமல், நின்றபடியே ஓடர்களைப் பார்த்தேன். பிறகு புதிய பெட்டியைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினேன். ஊர்கள் இறங்கின. வெறும் வரிக்குக் கீழே, அக்குறணைக்கு மேலே, அது தன் இடத்தில் இருந்தது. வேறோர் ஊரைத் தொட்டேன். எல்லாம் சுருண்டு உள்ளே போயின. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.